வழவழத்த பாதி

மனித உயிருக்கு விலை கிடையாது என்பார்கள். 1983 மே மாதம் திருவண்ணாமலையில் அதன் விலை நூற்றெழுபது ரூபாய். லாரியின் முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டியரிங் ராடு கடையில் அந்த விலைக்குத்தான் கிடைத்தது. அது ஒடிந்துதான் கீழ்பென்னாத்தூர் சாலையில் வேர்க்கடலை லாரி புளியமரத்தில் மோதி, ஓட்டி வந்த சகாதேவன் செத்துப்போனான்.

"எங்கூட்டுக்காரருதான் ராடை அறுத்து வச்சாருன்னு உள்ள போட்டுட்டாங்க சார். நாளைக்குக் கோர்ட்டு. காலைல பார்த்தேன், ரெண்டு கையும் வீங்கிக் கெடக்குது" என்றாள் முன்னி பேகம், மெக்கானிக் அன்வர் பாஷாவின் மனைவி.

எதிரே இருந்த ராஜேந்திரன், இரும்பு ஏன் ஒடிகிறது என்று சென்னை ஆய்வுக்கூடம் ஒன்றில் இருபது வருடம் ஆராய்ந்துவிட்டு, செங்கம் சாலையில் வாடகை அறைக்கு வந்தவர்.

"சண்டை ஏதாவது?"

"புதுச கழட்டிட்டுப் பழசப் போடறவன்னு லாரி ஓனர் ஆதிமூலம் நடுரோட்டுல திட்டினாரு. இவரும் 'ஒரு நாள் தெரியும் உனக்கு'ன்னு கத்திட்டாரு. செத்தது அவரு புள்ள."

"கெளம்புங்க சார். அறுத்தவன் யாருன்னு மூஞ்சப் பார்த்தே சொல்லிடறேன்" என்றாள் ரேணுகாம்பாள். ராஜேந்திரனுக்கு அறையை வாடகைக்கு விட்டிருந்தவள், துப்பு என்றால் வாடகையைக்கூட மறந்துவிடுவாள்.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் ஒடிந்த ராடை நீட்டினார். "ஒடிஞ்ச முகத்தப் பாருங்க. பாதி வழவழ, பாதி சொரசொர. வழவழன்னு இருக்கறது ரம்பம். மீதி ஓட்டத்துல ஒடிஞ்சது."

ராஜேந்திரன் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "ரேணுகாம்மா, ரம்பம் எப்படிக் கோடு போடும்?"

"நேரா."

"இது?"

"வளைஞ்சு வளைஞ்சு இருக்கே! ஏரித்தண்ணி வத்த வத்தக் கரையில படியற மாதிரி."

"எதைச் சுத்தி வளையுது?"

தண்டின் ஓரத்தில் ஒரு சின்ன வெட்டு, உள்ளே சிவப்பு. "பெயிண்டு" என்றார் இன்ஸ்பெக்டர். ரேணுகாம்பாள் நகத்தால் சுரண்டி முகர்ந்தாள். "குங்குமம்!"

"ஓரத்துக் கோட்டுல துரு ஏறிடுச்சு. உள்ள போகப் போகப் புதுசு. ஒரு நாள்ல அறுத்ததுக்கு இந்த வயசு இருக்காது" என்றார் ராஜேந்திரன். "இரும்பும் களைச்சுப் போகும் சார். கம்பிய மடக்கி மடக்கி நிமித்தினா ஒடியுதில்ல? ஒரு வெட்டு இருந்தா போதும். அங்கேர்ந்து குலுங்கக் குலுங்க, கண்ணுக்குத் தெரியாம வெடிப்பு உள்ள நகரும். பாதி தாண்டினதும் மிச்சம் ஒரே நொடியில போயிடும்."

பெஞ்சில் இருந்த ஆதிமூலம் துள்ளி எழுந்தார். மகனுக்காக மழித்த தலை. "கதை விடாதீங்க! அது நான் வச்ச அடையாளம். போன ஆயுத பூஜைக்குப் புது ராடு போட்டேன். பாய் மாத்திடக் கூடாதுன்னு நானே உளி வச்சு மூணு அடி அடிச்சு, மேல பொட்டும் வச்சேன். திருட்டுக்குக் காவல் சார் அது!"

இன்ஸ்பெக்டர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு லாக்கப் பக்கம் போனார்.

"அவர ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே. அங்க உளி வைக்காதீங்கன்னு அவரே சொல்லியிருப்பாரு" என்றாள் கூடவே வந்திருந்த முன்னி பேகம்.

ஆதிமூலம் அந்த வெட்டை விரலால் தடவினார். "அன்னிலேர்ந்தேவா ஒடிஞ்சிக்கினு இருந்துச்சு?"

"ஆமாங்க."

"ஏழு மாசம். தினம் நாலு நடை." மண்டியில் மூட்டை எண்ணுகிறவர் போல விரல்கணுக்களில் கட்டை விரல் ஓடியது. "எண்ணூத்து நாப்பது. எண்ணூத்து முப்பத்தொம்பது நடை பத்திரமா வந்துட்டான் சார். ஒண்ணுதான் பாக்கி."