கட்டில் உயரம்

அவசரப் பிரிவின் பெஞ்சில் மதிய வெயில் விழுந்திருந்தது. ஆனாலும் பெஞ்சு சில்லென்றிருந்தது. அவள் மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் காதுக்கு மேலே சின்னதாக ஒரு வீக்கம்.

டாக்டரம்மா டார்ச் அடித்து அவன் கண்களைப் பார்த்தார்.

“எங்கேருந்து விழுந்தான்?”

“கட்டில்லேருந்து, டாக்டர்.”

“அவ்வளவு உயரந்தானே? வாந்தி, மயக்கம் எதுவும் இல்லையே? அப்ப ஸ்கேன் வேண்டாம். சின்னக் குழந்தை மேல சும்மா கதிர் பாய்ச்சக் கூடாது. கொஞ்ச நேரம் பாத்துட்டு அனுப்பிடறேன்.”

கணவன் சிரித்தேவிட்டான். “வாலுப் பயலே, உங்கப்பன் உசுரே போயிடுச்சுடா!”

கட்டிலாவது ஒன்றாவது! மாடிப்படி. மேல்படியில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தவளை மகன் பிடித்து இழுக்க, எரிச்சலில் ஒரு தள்ளு. கடைசிப் படிவரை உருண்டான். பெற்ற கையே தள்ளியது என்று எந்த வாயால் சொல்வாள்? வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

பெஞ்சின் மறுமுனை கிறீச்சிட்டது.

தலையில் கட்டுப் போட்ட ஒரு சிறுமி. ஈரப் பஞ்சின் வாடை.

“எங்கம்மாவும் கட்டில்னுதான் சொன்னாங்க,” என்று கிசுகிசுத்தாள்.

“அப்புறம்?”

“வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தூங்கிட்டேன்.”

அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்கவே இல்லை.

மடியில் மகனின் இமைகள் செருகின.

“தூக்கம் வருதும்மா...”

“டாக்டர்! கட்டில் இல்ல, மாடிப்படி! நான்தான் தள்ளினேன்!”

அவள் போட்ட அலறலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. பையனைத் தூக்கிக்கொண்டு ஸ்கேன் அறைக்கு ஓடினார்கள். மண்டைக்குள்ளே ரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. உடனே ஆபரேஷன்.

“பொழச்சுக்கிட்டான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கை மீறிப் போயிருக்கும்,” என்றார் டாக்டரம்மா பிறகு. குரலில் கனிவில்லை.

கணவன் எழுந்து போய் எதிர்ச்சுவரோரம் நின்றுகொண்டான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தாள்.

அவள் கைக்குள் ஒரு சின்னக் கை நுழைந்தது.

“எங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லவே இல்ல. நீங்க சொல்லிட்டீங்க.”

அந்தப் பாராட்டுக்குத் தான் லாயக்கில்லை என்று சொல்லத் திரும்பினாள். பக்கத்தில் யாருமே இல்லை.

“நீங்க நல்ல அம்மா. நான் உங்ககூடவே வந்துடறேன்.”

கையை உதறினாள். பிடி விடவில்லை.