பெட்டியின் மேல் காயும் துணிகள்

கைபேசித் திரையில், மலைமேல் மண்சரிவைக் கண்காணிக்கும் சிறு கணினியின் சூடு எழுபத்தொன்று. திலக்‌ஷனுக்கு அது சரியாகப் படவில்லை. காற்றாடி இல்லாத பெட்டி அது; முதுகிலுள்ள அலுமினியத் தகடுகள் வழியே சூடு வெளியேறும். டயகம மலையின் இந்தக் குளிரில் முப்பதைத் தாண்டாது. தொண்ணூறில் அணைந்துவிடும். அணைந்தால் மண் சரிந்தாலும் கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் சைரன் ஒலிக்காது.

காவல்காரர் செல்லசாமியைக் கைபேசியில் அழைத்தான்.

"மாமா, யாரோ மறுபடி பெட்டி மேல இடுப்புல கட்டுற படங்கைக் காயப் போட்டிருக்காங்க."

"கொழுந்தெடுக்கிற பொம்பளைங்களுக்கு ஒன் பெட்டிதான்யா அடுப்பு!" சிரித்தார். "ஆனா இந்த மழைக்கு இன்னைக்கு ஒருத்தரும் மலை ஏறலையே."

அவனே மலை ஏறினான். அந்தி மங்கிக்கொண்டிருந்தது, தேயிலை வரிசைகளுக்கிடையே மூடுபனி நகர, கிளறிய களிமண்ணின் வாடை ஒவ்வொரு வளைவிலும் கனத்து, தகரக் கொட்டகையின் கதவருகே தொண்டையை அடைத்தது.

பெட்டியின் மேல் ஒரு துவாய். அதில் அப்பிய சேறு தகடுகளின் இடைவெளியை மூடியிருந்தது. எடுத்து எறிந்தான். சூடு இறங்கியது.

வெளியே வந்தான். உள்ளே 'சப்'பென்று ஓர் ஓசை.

திரும்பிப் போய்ப் பார்த்தால், பெட்டியின் மேல் ஒரு பிள்ளையின் பள்ளிச் சட்டை. போன வருடச் சரிவில் ஒரு லயமே மண்ணுக்குள் மூடிப்போனது. தேடலைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சட்டையையும் எறிந்தான்.

மறுபடி ஓசை.

மஞ்சள் ஸ்வெட்டர். அவன் ஹட்டனில் வாங்கியது. அவன் மனைவி பிரியந்தியின் உடலும் கிடைக்கவில்லை.

கைபேசியில் எண்பத்தாறு.

"குளிருதுங்க." முதுகுக்குப் பின்னால். அவள் குரல். வாய் நிறைய மண்.

"தெரியும்."

"அது ஒன்னுதான் சூடா இருக்கு."

"கீழ புள்ளைங்க இருக்கு. தரமாட்டேன்."

எண்பத்தொன்பது.

ஸ்வெட்டரை இழுத்தெடுத்தான். பெட்டியை மறைத்துக்கொண்டு திரும்பினான். வாசலில் அவள். அவளுக்குப் பின்னால், காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதுபோல் ஒரு வரிசை, மூடுபனிக்குள் மேலே மேலே. ஒவ்வொருவர் கையிலும் ஈரத்துணி.

சட்டையைக் கழற்றினான். ஸ்வெட்டரைத் தன் வெற்றுத் தோளில் போட்டுக்கொண்டான். ஐஸாய்க் குளிர்ந்தது.

"எம்மேல காயப் போடுங்க," என்றான். "நானும் சூடாத்தான் இருக்கேன்."

இரு கைகளையும் விரித்து நின்றான். பின்னால் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது. வரிசை ஓரடி முன்னே நகர்ந்தது.