அறுபத்திரண்டாவது இருக்கை

ஹார்ல்டன் கல்லூரிக்கு நான் வந்து சேர்ந்தது 1907 செப்டம்பரில், லைமன் ப்ராட் வீட்டுக் குதிரைவண்டியில். இருவரும் ஒரே ஊர். ஒரே பள்ளியில் அடி வாங்கி வளர்ந்தவர்கள். என் பெட்டியை அவன் தூக்கினான், அவன் பெட்டியை நான் தூக்கினேன். மலைச்சரிவில் நான்கு கல் கட்டடங்கள், நூற்றிருபது மாணவர்கள், எட்டு ஆசிரியர்கள். இதற்கா இத்தனை லத்தீன் படித்தோம் என்று லைமன் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பை அப்போது எனக்கு மிகவும் பிடிக்கும்.

என் அப்பாவால் கட்டணம் கட்ட முடியாது. அதனால் எனக்கு ஜெபக்கூடத்தில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஞாயிறு தவிர தினமும் காலை எட்டு மணிக்கு எல்லாரும் ஜெபத்துக்கு வந்தாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் இருக்கை. பெஞ்சின் சாய்மானத்தில் வெள்ளைப் பெயின்டில் எண் எழுதியிருக்கும். ஆள் உட்கார்ந்தால் முதுகு எண்ணை மறைத்துவிடும். நான் பக்கவாட்டு மாடத்தில் ஒரு சிறு மேசை முன்னால் உட்கார்ந்து கீழே பார்ப்பேன். எண் தெரிந்தால் ஆள் வரவில்லை. தாளில் அந்த எண்ணின் மேல் ஒரு குறுக்குக் கோடு. கோடு இல்லாவிட்டால் வந்திருக்கிறான் என்று அர்த்தம். கோடு விழுந்தவனைத் தேடிக் காவலாளி அவன் அறைக்குப் போவார். ஆள் அங்கும் இல்லை என்றால் பத்து மணிக்குள் முதல்வருக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கே ஊரெல்லாம் தேடுவார்கள்.

மேலேயிருந்து பார்ப்பவனுக்கு முகம் தெரியாது. உச்சந்தலை மட்டும்தான் தெரியும். ஒரே மாதத்தில் நூற்றிருபது உச்சந்தலையும் எனக்கு மனப்பாடம்.

அறுபத்திரண்டாவது இருக்கை இடப்பக்கக் கடைசி வரிசையின் ஓரம், பெரிய தூணின் மறைவில். பக்கத்து அறுபத்தொன்றுக்காரன் கிறிஸ்துமஸோடு படிப்பை விட்டுப் போய்விட்டான். அதனால் அந்த மூலையில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது கீழே ஒருவருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கே உட்கார்ந்தவன் ஆரின் வேட். முதலாண்டு மாணவன். மஞ்சள் முடி, உச்சியில் இரட்டைச் சுழி. சீப்புக்கு அடங்காது. எனக்கு நவம்பரில் காய்ச்சல் வந்து பிதற்றியபோது ஆறு இரவு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். லைமனும் ஒருமுறை எட்டிப் பார்த்தான். கதவருகே நின்றபடியே போய்விட்டான்.

1909 பிப்ரவரியில் முதலாண்டு மாணவர்களின் விருந்து வந்தது. இதில் ஒரு வழக்கம் உண்டு. விருந்துக்குத் தலைமை தாங்குபவனை இரண்டாம் ஆண்டுக்காரர்கள், அதாவது எங்கள் வகுப்பார், கடத்திக்கொண்டுபோய் ஒளித்து வைப்பார்கள். விருந்து முடிந்ததும் தோளில் தூக்கிக்கொண்டு வந்து விடுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். பிடிபடாமலிருக்க அவனே நாலு நாள் முன்னால் தலைமறைவாகிவிடுவதும் உண்டு. ஆகவே அந்த வாரத்தில் அவனைக் காணவில்லை என்று மாணவர்கள் யாரும் பதற மாட்டார்கள். தாளில் கோடு விழுந்தால்தான் தேடுவார்கள். அந்த ஆண்டு தலைவன் ஆரின். விருந்து வெள்ளிக்கிழமை.

வியாழன் காலை நான் மாடப்படி ஏறும்போது லைமன் பின்னாலேயே வந்தான்.

"எல்வின், ஒரு உதவிடா. ஆரின் அவங்க மாமா வீட்டுல ஒளிஞ்சிருக்கான். ஏற்கெனவே நிறைய நாள் வரலை. இன்னும் ஒரு கோடு விழுந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. உன்கிட்டச் சொல்லச் சொன்னான்."

"நான் பொய்க் கணக்கு எழுதினதில்லையே."

"எழுத வேண்டாம். எழுதாம விடு. உனக்காக ஆறு ராத்திரி முழிச்சவன்டா அவன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சாய்த்தது. கீழே தூணின் பக்கத்தில் 62 பளிச்சென்று தெரிந்தது. நான் கோடு போடவில்லை.

அன்று மத்தியானம் பனி கொட்டத் தொடங்கி, வெள்ளி மாலைவரை விடவில்லை. விருந்தையே தள்ளி வைத்தார்கள். வெள்ளி காலையும் 62 தெரிந்தது. கோடு போடவில்லை. சனி காலை லைமன் மறுபடி படியில் காத்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. "இன்னைக்கும் விட்டுடு" என்று மட்டும் சொன்னான். விட்டேன்.

ஞாயிறு மத்தியானம் ஒரு விவசாயி ஆரினின் உறைந்த உடலைக் கண்டெடுத்தார்.

கல்லூரிக்கு மேலே மலையில், மேப்பிள் மரச்சாற்றைப் பாகாகக் காய்ச்சும் கொட்டகை ஒன்று உண்டு. மார்ச்வரை அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. கதவு வெளியே தாழிட்டிருந்தது. ஆரின் கைக்கட்டை அவிழ்த்திருக்கிறான். ஒரு நாளைக்கு வைத்திருந்த விறகை எரித்திருக்கிறான். பிறகு பாகு கிளறும் கரண்டிகளை, அலமாரிப் பலகையை. கதவின் உட்பக்கத்தில் கரியால் மூன்று கோடு போட்டிருந்தான். அது என்ன கோடு என்று எல்லாரும் குழம்பினார்கள்.

எனக்குத் தெரிந்தது. எங்கள் ஜெபமணி அந்த மலையில் நன்றாகக் கேட்கும். ஒவ்வொரு காலையும் மணி கேட்டதும் ஒரு கோடு. 'இதோ எல்வின் என் எண்ணைப் பார்த்துவிட்டான், கோடு போட்டுவிட்டான், பத்து மணிக்குத் தேடிக் கிளம்புவார்கள்' என்று நினைத்திருப்பான். மூன்று காலையும் அப்படி நினைத்திருப்பான்.

விசாரணை அரை மணி நேரத்தில் முடிந்தது. புதன்கிழமை ஆரினைக் கடத்தியது உண்மைதான் என்று இரண்டாம் ஆண்டுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். காவலும் சாப்பாடும் லைமன் பொறுப்பு. வியாழன் விடிகாலையிலேயே அவிழ்த்து விட்டுவிட்டேன் என்றான் அவன். முதல்வர் என் தாளைப் பிரித்தார். வியாழன், வெள்ளி, சனி. 62இல் கோடு இல்லை. பையன் மூன்று நாளும் ஜெபத்துக்கு வந்திருக்கிறான். சனிக்கிழமை தானாகவே மலையேறிப் போயிருக்கிறான். தாழ் காற்றில் விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் படிப்பு போய்விடும். அன்று மாலை லைமனைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

"மாமா வீடுன்னு சொன்னியே."

"வியாழக்கிழமை மேலே போறதாத்தான் இருந்தேன். பனி. வழியே தெரியலை."

"எப்போ போனே?"

அவன் என்னைத் தாண்டி இறங்கப் பார்த்தான். மறித்தேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் பனி விட்டதே, அப்பவும் போகலையா? சனிக்கிழமை காலையில என்கிட்ட வந்து நின்னப்போ அவன் இன்னும் மேலேதான் கிடக்கறான்னு உனக்குத் தெரியுமா?"

"நான் கேட்டேன். விட்டது நீ. தாள்ல இருக்கறது உன் கை" என்றான் லைமன், தன் பூட்ஸைப் பார்த்தபடி.

நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். அவன் என் கையாலேயே ஆரினின் கழுத்தை அறுத்திருக்கிறான்.

ஆரினின் அம்மா செவ்வாய்க்கிழமை வந்தார். கறுப்பு உடுப்பு, கையுறையில் ஒட்டுத்தையல். உடலை வாங்கிக்கொண்டு போகுமுன் என்னைத் தேடி மாடத்துக்கே ஏறி வந்துவிட்டார்.

"தம்பி, நீங்கதான் மேலேருந்து பார்க்கறவராமே. கடைசி மூணு நாளும் என் பிள்ளை ஜெபத்துல இருந்தானாமே. எப்படி இருந்தான்?"

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம்.

"நல்லா இருந்தான்மா. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்."

அவர் என் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

இரண்டு நாள் துக்கத்துக்குப் பின் மறுநாள் காலை ஜெபம். இறந்தவன் எண்ணை ஆண்டு முடியும்வரை தாளிலிருந்து எடுக்க மாட்டார்கள். தினமும் 62இல் நான் கோடு போட்டாக வேண்டும். பென்சிலை எடுத்துக்கொண்டு கீழே பார்த்தேன்.

எண் தெரியவில்லை.

யாரோ ஒருவன் உட்கார்ந்திருந்தான். மஞ்சள் முடி நனைந்து ஒட்டியிருந்தது. உச்சியில் இரட்டைச் சுழி.

கண்ணைக் கசக்கினேன். ஜெபம் நடந்துகொண்டிருந்தது. எல்லாத் தலையும் குனிந்திருந்தது. அந்தத் தலையும் குனிந்திருந்தது. அந்த அமைதியில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பெஞ்சிலிருந்து கல் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். ஈரக் கம்பளியின் வாடை மாடம்வரை ஏறி வந்தது. அதோடு பழைய பாகு புளித்த வாடை.

எல்லாரும் போன பிறகு இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்தேன். பெஞ்சு காய்ந்திருந்தது. 62 பளிச்சென்று இருந்தது.

அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாளும். கோடு போடக் கை வரவில்லை. எண் தெரிந்தால்தானே போடுவது.

ஐந்தாம் நாள்தான் கவனித்தேன். தலை முன்போல் குனிந்திருக்கவில்லை. கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தது. ஒரு விரற்கடை இருக்கும்.

ஆறாம் நாள் இன்னொரு விரற்கடை.

எட்டாம் நாள் நெற்றி தெரிந்தது.

மேலே பார்க்க நிமிர்கிறான்.

பத்தாம் நாள் புருவம் தெரிந்தது. புருவ முடியில் பனித்துகள் ஒட்டியிருந்தது. இன்னும் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நேராக முதல்வர் அறைக்குப் போனேன். படிப்பு போனால் போகட்டும் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். லைமன் கேட்டது, நான் விட்டது, கதவில் இருந்த கோடுகள், எல்லாம். 62இல் இப்போது உட்கார்ந்திருப்பதை மட்டும் சொல்லவில்லை.

முதல்வர் நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு நாள் பொய் எழுதினேன்னு நீயே சொல்றே. பொய் எழுதினவன் இன்னைக்குச் சொல்றதை மட்டும் நான் எப்படி நம்பறது, எல்வின் டட்டில்?"

"லைமன் ப்ராட்டைக் கூப்பிட்டுக் கேளுங்க ஐயா."

"கேட்டாச்சு. நீ காய்ச்சல்லேருந்து இன்னும் தேறலை, ஏதாவது உளறுவேன்னு அவன் போன வாரமே வந்து சொல்லிட்டான். ரொம்ப வருத்தப்பட்டான், உனக்காக." மேசை இழுப்பறையைத் திறந்து என் தாள்களை உள்ளே வைத்துப் பூட்டினார். "பேப்பர்காரங்க காதுக்கு இது போச்சுன்னா கல்லூரியையே மூடிடுவாங்க. பையன் வந்திருந்தான். அப்படியே இருக்கட்டும்."

எனக்கு முன்னாலேயே லைமன் வந்து என் வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதையும் என் நலம் விரும்பிச் செய்ததாகச் சொல்லிவிட்டான். பத்து வருடச் சிநேகம்.

மறுநாள் காலை மாடத்தில் உட்கார்ந்தேன். கீழே பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தேன். எண்களைப் பார்க்காமல் எப்படி வேலை செய்வது?

ஜெபம் தொடங்கியது. தலைகள் குனிந்தன.

ஒன்று மட்டும் குனியவில்லை.

கழுத்து பின்னால் மடங்கி, முகம் முழுவதும் மேலே திரும்பியிருந்தது. உதடு நீலம். இமையில் பனி கட்டிக் கண் பாதிதான் திறந்திருந்தது. கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தில் நம்பிக்கை இருந்தது. வண்டி வரும் என்று சாலையைப் பார்த்து நிற்பவன் முகம்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தான்.

என்ன கேட்கிறான் என்று புரிந்தது. ஒரு கோடு. வரவில்லை என்று ஒரு கோடு. போட்டிருக்கலாம். தாள் என் முன்னால்தான் இருந்தது.

பென்சிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். பெட்டியைக்கூட எடுக்காமல் ரயில் ஏறினேன். மூன்றுமுறை விட்டவன் நான்காம்முறையும் விட்டேன். இதை யார் தலையிலும் கட்ட முடியாது. லைமன் தலையிலும்கூட.

பிறகு ஓஹையோவில் ஒரு மரக்கடையில் வேலை பார்த்தேன். ஆரினின் அம்மா என் அப்பாவிடம் விலாசம் வாங்கியிருந்தார். வருடாவருடம் பிப்ரவரியில் அவரிடமிருந்து கடிதம் வரும். நன்றி சொல்லித்தான் எழுதுவார். கடைசியாக என் பிள்ளையைப் பார்த்தவர் நீங்கள் என்று. ஆறு கடிதம் வாங்கிய பிறகு என்னால் முடியவில்லை. உட்கார்ந்து உண்மையை எழுதினேன். ஒரு வரிகூட மறைக்கவில்லை. சாபம் வரும் என்று காத்திருந்தேன். வந்துவிட்டால் தேவலை என்றும் இருந்தது.

நேற்று பதில் வந்தது. சிறிய கடிதம்தான்.

"தம்பிக்கு, நீங்கள் எழுதியது எனக்கு முன்பே தெரியும். நீங்களாகவே சொல்வீர்கள் என்றுதான் நன்றி எழுதி வந்தேன். நீங்கள் போன மறு வருடம், என் மகனை நீங்கள் பார்த்த இடத்திலிருந்து ஒருமுறை நானும் பார்க்க ஆசைப்பட்டு அந்த மாடத்துக்கு ஏறினேன். அங்கே இப்போது யாரும் உட்காருவதில்லை. மேசையும் நாற்காலியும் அப்படியே இருக்கின்றன. கீழே அவன் இருந்தான். அதிலிருந்து வருடாவருடம் போகிறேன். மெல்லக் கூப்பிட்டும் பார்த்துவிட்டேன். பெற்றவளை அவன் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. உங்கள் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்கு வயதாகிவிட்டது. இனி மலை ஏற முடியாது. எப்போது வருகிறீர்கள்?"

உறைக்குள் ரயில் டிக்கெட் ஒன்று மடித்து வைத்திருந்தார். போவதற்கு மட்டும்.