தண்ணீர் கேட்ட தலை

நுயி தானியக் கிடங்குக்குள் நுழைந்தபோது மற்ற பெண்கள் வேலையைத் தொடங்கியிருந்தார்கள். நெல் மூட்டைகள் தீர்ந்துபோன அந்த நீண்ட கூடத்தில் இப்போது போரில் வெட்டிய எதிரிகளின் தலைகள் வரிசையாக இருந்தன. ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. அதற்கு அடியில் இரத்தக் கவிச்சி அடங்காமல் கிடந்தது.

பொழுது சாயும் முன் கோட்டைத் தலைவர் தலைகளைப் பார்வையிட வருவார். அதற்குள் ஒவ்வொன்றையும் கழுவி, முடியைச் சீவிக் கொண்டை போட்டு, வெட்டிக் கொண்டுவந்தவனின் பெயரெழுதிய மரத்துண்டைக் கட்டிவிட வேண்டும். மேற்பார்வை பார்த்த ஓத்சுமா ஒரு கொண்டையை இறுக்கிக் கட்டியபடி, "இவன் பொண்டாட்டிகூட இவ்வளவு பொறுமையா சீவி விட்டிருக்க மாட்டா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நுயியும் சிரித்தாள்.

அப்போது அவள் புருஷன் கொன்ரொகு பின்வாசலில் வந்து நின்றான். ஈட்டிப் படையில் கடைநிலை ஆள். கையில் துணிமூட்டை. அவளை மறைவாக அழைத்து, இந்தத் தலையின் பல்லுக்குக் கறுப்புச் சாயம் பூசித் தரச் சொன்னான். மேல்குடி வீரர்கள்தான் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஒருவன் தலையைக் கொண்டுவந்தால் குதிரை ஏறும் தகுதி கிடைக்கும்.

நுயி துணியை விலக்கினாள்.

மதாஷிச்சி.

எதிரியல்ல, இவர்கள் படையிலேயே இருந்த ஆள். படைவீட்டில் அடுத்த அறையில் இருந்தவன். நேற்றுக் காலை இவள் கையால் தினைக்கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுப் போனவன்.

"குத்துயிரா சேத்துல கிடந்தான்" என்று கொன்ரொகு முணுமுணுத்தான். "எப்படியும் செத்திருப்பான்டி."

"உங்களை அடையாளம் தெரிஞ்சுதா அவருக்கு?"

அவன் வேறெங்கோ பார்த்தான். "தண்ணி கேட்டான்."

விஷயம் வெளியே தெரிந்தால் தங்கள் இரண்டு பேர் தலையும் இதே வரிசையில்தான் வரும் என்றான் கொன்ரொகு. அவள் தலையைக் கழுவினாள். அடையாளம் தெரியாதபடி முன்நெற்றி முடியை மழித்தாள், புருவத்தை எடுத்தாள், முகத்தில் மாவு பூசினாள். உதட்டைப் பிரித்துத் தூரிகையை உள்ளே விட்டாள்.

தாடை மூடிக்கொண்டது.

பல் அவள் விரலில் இறங்கியது. எலும்பு வரை இறங்கியது. அவள் கத்தாமல் தன் அங்கியின் தொங்கும் கைத்துணியைக் கடித்துக்கொண்டாள். கொன்ரொகு பற்களுக்கு நடுவே கத்தியை நுழைத்துத் தாடையை நெம்பினான். விரல் வெளியே வந்தது.

கூடவே ஒரு மூச்சும் வந்தது.

"தண்ணி..."

நுயி குவளைக்குக் கை நீட்டினாள். கொன்ரொகு அதை எட்டி உதைத்தான். "பூசுடி."

அவள் பூசினாள்.

மாலையில் முற்றத்தில் கொன்ரொகு தலையைத் தட்டில் ஏந்தி மண்டியிட்டான். எதிரித் தளபதி ஒருவனின் பெயரைச் சொன்னான். யாரும் சந்தேகப்படவில்லை. தலைவர் மகிழ்ந்து தன் கோப்பையிலேயே மது ஊற்றிக் கொடுத்தார். பெண்கள் மூங்கில் தட்டி மறைப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொன்ரொகு ஒரே மூச்சில் குடித்தான்.

"இன்னும்" என்றான்.

தலைவரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவன் எழுந்தான், தடுத்தவர்களைத் தள்ளினான், குதிரைத் தொட்டிக்கு ஓடி முகத்தை உள்ளே அமுக்கினான். மாடு குடிப்பதுபோல் குடித்தான். குடித்ததெல்லாம் மார்புக் கவசத்தின் வழியே சிவப்பாக ஒழுகியது.

அவன் கழுத்தைச் சுற்றி நூல்போல் ஒரு கோடு.

கோடு அகன்றது. அருகில் யாரும் இல்லை, எந்த வாளும் உருவப்படவில்லை. சதை வாய் பிளந்தது, நரம்புகள் ஒவ்வொன்றாக அறுந்தன, எலும்பு முறிந்த சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. உடல் பின்னால் சாய்ந்தது. தலை தொட்டிக்குள் விழுந்தது.

அதன் உதடுகள் தண்ணீரை இன்னும் உறிஞ்சிக்கொண்டிருந்தன.

அன்றே நுயி ஓத்சுமாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஓத்சுமா திட்டவுமில்லை, காட்டிக் கொடுக்கவுமில்லை. குழப்பத்தில் முற்றத்திலேயே விட்டுப்போயிருந்த மதாஷிச்சியின் தலையை இருவரும் எடுத்துவந்து, பல்லிலிருந்து சாயத்தைச் சுரண்டி எடுத்தார்கள். நுயி அவன் வாயில் தண்ணீர் விட்டு, மன்னிக்கச் சொல்லி அழுதாள். அது அசையவில்லை. மதில் ஓரத்தில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

"முடிஞ்சுதுடி. இதைக் குடி" என்று ஓத்சுமா ஒரு குவளையை நீட்டினாள்.

நுயி மடமடவென்று குடித்து முடித்தாள். ஓத்சுமா அவள் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேலெல்லாம் சிந்திக்கிட்டியா?"

நுயி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.