செத்தவன் தொண்டையில் சிவப்புப் பாசி

டெலிபோன் அலறியது.

ஆராய்ச்சிக்காரி கையுறையைக் கூடக் கழற்றாமல் எடுத்தாள்.

“மேடம்... இன்ஸ்பெக்டர் பேசறேன். ரிசல்ட்?”

“வந்துடுச்சு சார். தெற்கு!”

இரண்டு நாட்களுக்கு முன் வடக்குக் கரையில் ஒரு பிணம் ஒதுங்கியிருந்தது. ஆராய்ச்சி நிலையத்துக்காகக் கடலில் மூழ்கிப் பாசி பறித்துத் தருபவன். ‘நீர்க்காக்கா’ என்றால்தான் தெரியும். தண்ணீரில் பிழைத்தவன் தண்ணீரிலேயே செத்திருந்தான்.

தானாக அல்ல... கழுத்தில் பத்து விரல் தடம்!

தொண்டையில் ஒரு துண்டு சிவப்புப் பாசி.

அன்று காலை வடக்குக் கரையில் அவனோடு வாய்ச்சண்டை போட்டவன் ஆராய்ச்சிக்காரியின் தம்பி. இப்போது லாக்கப்பில் கொசு அடித்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு பாசியும் சிவப்பாத்தானே மேடம் இருக்கு?”

“கண்ணுக்கு ஒண்ணுதான். மரபணுல கரைக்குக் கரை வேற அடையாளம் இருக்கு... அதைத்தான் மார்க்கர்னு சொல்றோம். இது தெற்குப் பாசி. அங்கதான் அவனை முக்கிக் கொன்னிருக்காங்க. என் தம்பி அன்னிக்குப் பூரா வடக்குலதான் இருந்தான். நாப்பது பேர் பார்த்திருக்காங்க!”

“ஆனா வடக்கும் தெற்கும் ஒரே பாசிதான்னு உங்க புரொபசர் கட்டுரை எழுதியிருக்காரே? கோர்ட்டு அவரை நம்புமா... தம்பிக்காகப் பேசற அக்காவை நம்புமா?”

அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. கொசுவைத் தவிர எதையும் கொன்றதில்லை.

போன வாரம் நீர்க்காக்கா சொன்னது சட்டென்று நினைவுக்கு வந்தது.

‘அக்கா... அந்தக் கட்டுரைக்கு நான் குடுத்த பாசி மொத்தமும் தெற்குல பறிச்சது. வடக்கு வரைக்கும் யாருக்கா போறது? மனசு உறுத்துது. புரொபசர்கிட்ட சொல்லிடப் போறேன்.’

சொல்லிவிட்டான் போலிருக்கிறது!

“சார்... உடனே புரொபசர் ரூமுக்கு வாங்க. நான் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதீங்க.”

அரை மணி நேரம் கழித்து...

புரொபசர் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் கதவருகே நின்றார்.

“சார், தொண்டையில இருந்த பாசிக்கு ரிசல்ட் வந்துடுச்சு.”

கைக்குட்டை நெற்றியிலேயே நின்றது.

“எ... என்னன்னு?”

“சந்தேகமே இல்லை சார். வடக்கு!”

இன்ஸ்பெக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தம்பி தலையில் அக்காவே மண்ணை வாரிப் போடுகிறாளே! ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

புரொபசரும் திறக்காமல் இருந்திருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருக்கலாம்.

துள்ளி எழுந்தார்!

“வடக்குன்னா வந்துச்சு? பாத்தியா...! உன் மார்க்கரால வடக்கு தெற்கைப் பிரிக்கவே முடியாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! தெற்குப் பாசியைப் போய் வடக்குங்குது! என் கட்டுரைதான் சரி!”

“அது தெற்குப் பாசின்னு உங்களுக்கு யார் சார் சொன்னது?”

புரொபசர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இது டாக்டர் பட்டம் வாங்கிய நுணல்.

இன்ஸ்பெக்டர் விலங்கை மாட்டினார். புரொபசர் அதைத் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை. அவர் கண் ஆராய்ச்சிக்காரி மேலேயே இருந்தது.

“உன் மார்க்கர்... தப்புதானே? அதையாவது சொல்லும்மா!”

அவள் நிஜ ரிப்போர்ட்டை நீட்டினாள்.

தெற்கு!

“மார்க்கர் சரியாத்தான் சார் சொல்லுச்சு. பொய் சொன்னது நான்.”

ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு இரண்டு நாள் கலங்காதவர், இப்போது குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

“அழாதீங்க சார். கொலைக்காவது அப்பீல் இருக்கு...!”