ராணி எரிமாரியின் சரணாகதி

ஞாயிறு, காலை பத்தரை மணி.

உச்சிமாகாளி பீரோவைத் திறந்தார். சிடியின் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துத் திறந்தார். பெட்டிக்குள் சிடி இல்லை.

"ஏலே, சிடியைக் காணோம்லே!"

பழைய சரக்குக் கிட்டங்கிக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். கயத்தாற்றிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்தவர்களும் அதில் உண்டு. எல்லோரும் ஒரு நாடகம் கேட்பதற்காக வந்திருந்தார்கள்.

என்ன நாடகம் என்று சொல்லிவிடுகிறேன். 2004இல் கோவில்பட்டியில் வயது வந்த மனிதர்கள் சிலர் ஒரு பெரிய மேசையைச் சுற்றி நின்று, பகடை உருட்டி, பொம்மைப் படைகளை மோதவிட்டார்கள். உச்சிமாகாளியின் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஒரு விளையாட்டுப் பெட்டிதான் தொடக்கம். அதிலிருந்த விதிகள் யாருக்கும் சரிப்படவில்லை. ஓரமாகப் போட்டுவிட்டு, தீக்குச்சியையும் மெழுகையும் வைத்துச் சொந்தப் படைகளைச் செய்தார்கள். படைகளுக்கு ஓர் உலகம் வேண்டுமே, அதற்குக் கந்தகக் கோள் என்று பெயர் வைத்தார்கள். அந்த உலகத்தின் கதையை ஒலி நாடகமாகப் பதிந்தார்கள், ஐந்து பாகங்கள் கேட்டாகிவிட்டது. ஊரில் பாதிப் பேர் இதைக் கிறுக்குத்தனம் என்றார்கள். நாள் முழுக்கச் சீட்டாடுகிறவனை மட்டும் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இது என்ன நியாயமோ, எனக்கு விளங்கவில்லை.

காணாமல் போனது ஆறாவது பாகம். அதுதான் கடைசி.

"வேற காப்பி இல்லையா, அண்ணாச்சி?"

வாசலில் நின்று கேட்டவள் ஏட்டு ராதாமணி. மகளிர் காவல் நிலையத்தில் வேலை. இந்த மேசையில் அவள் கிடைப்படைத் தளபதி. நாகலாபுரத்தில் ஆட்டுக்கிடை போட்ட குடும்பம் என்பதால் படைக்கும் அந்தப் பெயர். அவள் உருட்டிப் பகடையில் ஆறு விழுந்ததை யாரும் பார்த்ததில்லை.

"இல்ல ஏட்டம்மா. கல்யாண வீடியோவுக்கு எடம் பத்தலைன்னு ஹரி கம்ப்யூட்டர்ல இருந்ததை அழிச்சிட்டான். இது ஒண்ணுதான்" என்றார் உச்சிமாகாளி. பைக் மெக்கானிக்கான அவரிடம்தான் பீரோ சாவி இருக்கும். நாடகத்தை எழுதி, ஒலி சேர்க்கிற ஹரி, வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து கயத்தாற்றில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தான்.

"யாரு எடுத்தான்னு விசாரணை வேற வைக்கணுமாக்கும்" என்றான் செல்வகணேஷ்.

அந்தக் கிட்டங்கி அவனுடைய அப்பாவுடையது. முன்பு தீப்பெட்டி பண்டல் அடுக்கிய இடம். நாடகத்தில் எதிரியான இரும்புப் படைத் தளபதிக்கு அவன்தான் குரல். அதைவிடப் பெரிய பெயர் அவனுடைய காதுக்கு. ஒவ்வொரு பாகமும் கேட்டு முடித்ததும் மைக் ஒரு சுற்று வரும். கேட்டவர்கள் மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். அதுவும் பதிவாகும். செல்வகணேஷ் நன்றாக இருக்கிறது என்றால் மற்றவர்களுக்கும் நன்றாக இருக்கும். அவன் உதட்டைப் பிதுக்கினால் அந்தப் பாகத்தின் கதை முடிந்தது.

அவன் கை சந்தனமாரியைக் காட்டியது.

"வெள்ளிக்கிழமை முன்னோட்டம் கேட்டப்போ இவ என்ன சொன்னா? 'இந்த முடிவு வெளிய வந்தா சிடியை ஒடிச்சிப் போட்டுருவேன்'னா. எல்லாரும் கேட்டோம்லா?"

சந்தனமாரி நூல் மில்லில் வேலை செய்பவள். கந்தகக் கோளின் ராணி எரிமாரிக்குக் குரல் கொடுப்பவள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொன்னேன். எடுக்கலை."

"பின்ன யாரு எடுத்தா?"

"அதைக் கண்டுபிடிக்கது என் சோலி இல்ல. எடுக்கலைன்னு சொல்லியாச்சு. ரெண்டாம் தடவை சொல்ல மாட்டேன்."

"மன்னிப்புக் கேட்டுக் குடுத்திரு. இல்லைன்னா இனிமே இந்தக் கிட்டங்கிப் படி ஏறாதே. ராணிக்கு வேற குரல் பாத்துக்கிடுதோம்."

அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. மில்லில் இயந்திரங்கள் ஓடும்போது யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. சைகையில்தான் எல்லாம். அப்படி ஒரு ஷிப்ட் முழுக்க வாயை மூடி வேலை பார்க்கிறவள், இங்கே வந்து பேசினால் ஒரு கூட்டமே மூச்சடக்கிக் கேட்கும். அதைப் பிடுங்கிவிடுவேன் என்கிறான். அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அவனுக்கு முன்னால் அழுவதாக இல்லை.

"கேக்க மாட்டேன். என்ன செய்யணுமோ செஞ்சுக்கோ."

ராதாமணி நடுவில் வந்தாள். "ஹரி வரட்டும். அதுவரைக்கும் யாரும் வெளிய போவண்டாம். வெள்ளிக்கிழமை இங்கன இருந்த நாலு பேருகிட்டயும் நான் தனியாப் பேசுதேன்."

வெள்ளிக்கிழமை அவள் பந்தோபஸ்துக்குப் போயிருந்தாள். முன்னோட்டத்தைக் கேட்டவர்கள் உச்சிமாகாளி, செல்வகணேஷ், சந்தனமாரி, ஜெயப்பிரியா ஆகிய நால்வர் மட்டும். கேட்டு முடித்ததும் சிடியைப் பிளேயரிலேயே விட்டுவிட்டுச் சண்டை போட்டபடி எதிர்த்த டீக்கடைக்குப் போயிருக்கிறார்கள். நடுவில் ஜெயப்பிரியா பையை எடுக்க உள்ளே வந்தாள். செல்வகணேஷ் ஹெல்மெட் எடுக்க வந்தான். சந்தனமாரி தன் பொம்மைகளை எடுக்க வந்தாள். கடைசியாக உச்சிமாகாளி வந்து, பிளேயர் பக்கத்தில் மூடிக் கிடந்த பெட்டியை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். யாரோ சிடியை உள்ளே போட்டிருப்பார்கள் என்று நினைத்து அவர் திறந்து பார்க்கவில்லை.

ஆக, யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்.

பதினொரு மணி. பக்கத்து அறை.

ராதாமணி நால்வரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். எங்கே இருந்தாய், எப்போது போனாய் என்றெல்லாம் இல்லை.

"கடைசிக் காட்சி எப்படி இருந்துச்சு?"

உச்சிமாகாளி தலையைச் சொறிந்தார். "இதுவா கேள்வி? சரி. இரும்புப் படை கோட்டையைச் சுத்திருது. ராணி வெளிய வந்து சரணாகதி உறுதிமொழி எடுக்கா. வரி வரியா, நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுதா. அவ்வளவுதான். பொறவு ரொம்ப நேரம் சத்தமே இல்ல. சிடி சிக்கிட்டோன்னு பிளேயரைத் தட்டிக்கூடப் பாத்தேன்."

ஜெயப்பிரியா கல்லூரியில் இலக்கியம் படிக்கிறவள். "சரணாகதி எனக்குப் பிடிக்கலை, அக்கா. ஆனா அந்த அமைதி இருக்கே, அது நல்லாருந்துச்சு. தோத்தவங்களோட மௌனத்தை அவ்வளவு நேரம் கேக்க வைக்கதுக்கு ஒரு தைரியம் வேணும். அதைப் பத்தி நாலு பக்கம் எழுதி வச்சிருக்கேன்."

"நாலு பக்கமா?"

"மௌனம்லா, அக்கா. எழுத நெறைய இருக்கு."

சந்தனமாரி உட்காரவில்லை. "ரெக்கார்டிங் அன்னைக்கு ஹரி வசனத்தைக் குடுத்தான். சரணாகதி சொல்லு, ஆனா ஒவ்வொரு வரிக்கும் நடுவுல நிறுத்துன்னான். ஏன்னு கேட்டேன், பொறவு தெரியும்னான். நம்பிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை கேட்டா ஒண்ணுமே இல்ல, வெறும் சரணாகதி. எரிமாரி அப்படிச் செய்வாளா, அக்கா? அஞ்சு பாகமா எவனுக்கும் தலை குனியாதவ. என் வாயாலயே அவளைக் கொன்னுட்டான்."

செல்வகணேஷ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தான். "மோசமான முடிவு. அன்னைக்கே மைக்ல குப்பைன்னு சொல்லிட்டேன். ராணின்னா அவ வாயில வார சொல்லுதான் கணக்கு. சரணாகதின்னு சொல்லியாச்சு. அதுக்குப் பொறவு நூறு குச்சி உரசினா என்ன, ஆயிரம் குச்சி உரசினா என்ன? தோத்தவ தோத்தவதான்."

"சரி, நீ போலாம்."

எரிமாரியின் வீரர்கள் போருக்குப் புறப்படும்போது ஆளுக்கு ஒரு தீக்குச்சி உரசுவது வழக்கம். முதல் பாகத்திலிருந்தே அது உண்டு, ராதாமணிக்கும் தெரியும்.

அவள் டீ கிளாசோடு கிட்டங்கிக்குள் வந்தாள். பிளேயருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாள். இரண்டு ஒயர் கிளம்பின. ஒன்று மூலையிலிருந்த ஸ்பீக்கருக்குப் போனது. இன்னொன்று பாதி வழியில் எலி கடித்த முனையோடு நின்றது. அவள் மேசைக்குத் திரும்பினாள். கந்தகக் கோளின் போர்க்களம் விரிந்து கிடந்தது. இரும்புப் படையின் பக்கம் முழங்கை உயரத்துக்கு ஒரு மலை. பல ஆட்டங்களில் அவளுடைய கிடைப்படையை அந்த மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் செல்வகணேஷ் அடித்தான்.

"அண்ணாச்சி, இந்த மலை எதுல செஞ்சது?"

"போன மழைக்காலத்துல செஞ்சோம். இங்கன சும்மா கெடந்த ஒரு பெட்டி மேல துணியை ஒட்டி, கரிசல் மண்ணைப் பசையோட பூசினோம்."

பன்னிரண்டு மணி வாக்கில் ஹரி வந்தான். தூங்காத கண். வந்ததும் வராததுமாக உச்சிமாகாளியிடம், "முடிவு குப்பைன்னு போன்ல சொன்னீங்களே, அது மட்டும் நெசமா?" என்று கேட்டான். சிடி காணாமல் போனதைவிட அதுதான் அவனுக்கு வலித்திருந்தது.

ராதாமணி அவனை ஓரமாக அழைத்துப்போய்க் காதோடு ஒரு கேள்வி கேட்டாள். அவனும் காதோடு பதில் சொன்னான். பிறகு அவள் மேசைக்கு வந்து, இரண்டு கையாலும் மலையைத் தூக்கித் திருப்பினாள்.

துணி மூடாத அடிப்பக்கத்திலிருந்து அறுந்த ஒயர் ஒன்று வாலைப் போலத் தொங்கியது. ராதாமணி துணியைக் கிழித்தாள். கரிசல் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே இருந்தது ஒரு ஸ்பீக்கர்.

"அட ஆமா" என்றார் உச்சிமாகாளி. "ஒயரை எலி கடிச்சிட்டுன்னு ஓரமாக் கெடந்துச்சு. ஸ்பீக்கருன்னே மறந்து போச்சு."

"எல்லாரும்தான் மறந்தோம். முந்தின அஞ்சு பாகத்துலயும் ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம். அதனால ஒண்ணு இல்லாததே நமக்குத் தெரியலை. ஆறாவதுலதான் ஹரி மொத மொதல்ல ரெண்டு பக்கமும் வேற வேற சத்தம் வச்சிருக்கான். எலேய் ஹரி, கடைசிக் காட்சியில எந்தப் பக்கம் என்ன?"

"இடது பக்கம் ராணி தனியாச் சரணாகதி சொல்லுவா" என்றான் ஹரி. "வலது பக்கம் அவளோட சனம். அவ ஒரு வரி சொல்லி நிறுத்தும்போது ஒருத்தன் குச்சியை உரசுவான். அடுத்த வரி, அடுத்த குச்சி. அவ முடிச்ச பொறவு எல்லாரும் உரசுவாங்க. வாய் எதிரிக்கு, நெருப்பு நமக்கு. அவ சரணடையவே இல்ல, அது அடுத்த போருக்கான உத்தரவு."

சந்தனமாரி ஹரியைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயப்பிரியா தன் நாலு பக்கத்தைச் சத்தமில்லாமல் பைக்குள் திணித்தாள்.

"வெள்ளிக்கிழமை நாலு பேரும் கேட்டது பாதி நாடகம்" என்றாள் ராதாமணி. "அண்ணாச்சிக்குக் கேட்டது ஒரு நீளமான அமைதி. ஜெயப்பிரியாவுக்கும் அதேதான். சந்தனமாரிக்கு வெறும் சரணாகதி. ஒருத்தனுக்கு மட்டும் அதுக்குப் பொறவு குச்சி உரசுத சத்தம் கேட்டிருக்கு. நல்ல காதுதான், ஒத்துக்கிடுதேன். ஆனா எம்புட்டு நல்ல காதுன்னாலும் எலி கடிச்ச ஒயர்ல கேக்காதுல்லா, செல்வகணேஷ்?"

செல்வகணேஷ் சிரிக்கப் பார்த்தான். "அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஹரிகூட முன்னாலயே ஏதோ சொல்லியிருப்பான்."

"நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லலை" என்றான் ஹரி. "ராணி பேசுதவகிட்டயே சொல்லலை."

"ராணி முடிச்ச பொறவு உரசுதாங்கன்னு வரிசை மாறாமச் சொன்னியே, அதுவும் பேச்சுக்கா?" என்றாள் ராதாமணி. "சிடி எங்க இருக்கு? நீயா எடுத்துட்டு வாரியா, இல்ல நான் யூனிஃபார்ம் போட்டுட்டு வரணுமா?"

அவன் எழுந்து வெளியே போனான். ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழுப்புக் கவரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"வெட்டிட்டு வேற முடிவு ஒட்டலாம்னுதான் கொண்டு போனேன். வீட்டுல ஹெட்போன்ல ரெண்டு பக்கமும் கேட்டா..." கவரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தான். "திருப்பித் திருப்பிக் கேட்டேன். எது இங்கன கேட்டது, எது வீட்டுல கேட்டதுன்னே எனக்குக் கொழம்பிப் போச்சு. மைக்ல குப்பைன்னு பேசியாச்சு. இதை எல்லாரும் முழுசாக் கேட்டா, பாதியைக் கேட்டுட்டுத் தீர்ப்புச் சொன்ன காதுன்னு என்னைச் சிரிப்பாங்கள்ளா?"

"அதுக்கு இவ மேல பழியைப் போட்டியாக்கும்" என்றார் உச்சிமாகாளி. கையை ஓங்கியே விட்டார். ராதாமணி பிடித்துக்கொண்டாள்.

அரை மணியில் ஒயரை ஒட்டுப்போட்டார்கள். மண் உதிர்ந்த மலை, ஸ்பீக்கராக வலது மூலைக்குப் போனது. சிடி ஓடியது.

இடது பக்கத்திலிருந்து சந்தனமாரியின் குரல் தாழ்ந்து, தளராமல் வந்தது. முதல் வரி முடிந்தது. வலது பக்கத்தில் சரக்கென்று ஒரு குச்சி. கூட்டத்தில் யாரோ "ஏ!" என்றார்கள். அடுத்த வரி, அடுத்த குச்சி. ஒரு குச்சி இரண்டு தடவை பற்றாமல் மூன்றாவது தடவை பற்றியது.

"இது என் குச்சி!" என்று கத்தினார் உச்சிமாகாளி. "சவுண்டு டெஸ்ட்டுன்னு சொல்லி உரசச் சொன்னான்லா, அன்னைக்கு நமுத்துப்போன குச்சி!"

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. பல மாதங்களாக வந்தவர்களையெல்லாம் மைக் முன்னால் நிறுத்தி ஹரி உரசவைத்த குச்சிகள் அவை. ராணியின் சனம் அந்தக் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான். குரல் ஓய்ந்தது. வலது பக்கம் ஒன்று, பத்து, நூறு என்று சரசரவெனப் பற்றிக்கொண்டு போனது. கடைசியாக ஒரே ஒரு குச்சி, மிக அருகில்.

"அது நான் உரசுனது" என்றாள் சந்தனமாரி. இப்போது அழுதாள். யார் பார்த்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

கைதட்டல் அடங்கியதும் ஜெயப்பிரியா கேட்டாள். "இவனை என்ன செய்ய? படி ஏறாதேன்னு சொல்லிருவமா?"

"கிட்டங்கியே அவிய வீட்டுதுதானே" என்றார் உச்சிமாகாளி சங்கடமாக.

"இருந்துட்டுப் போட்டும். நம்மளை வெரட்டுனா இந்த மேசையை ரோட்டுல போட்டு ஆடுவோம்" என்றாள் சந்தனமாரி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கை எடுத்துச் செல்வகணேஷின் கையில் திணித்தாள். "எனக்கு உன் மன்னிப்பு வேண்டாம். இப்போ முழுசாக் கேட்டேல்லா? எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. அன்னைக்குச் சொன்ன அதே மைக்ல."

அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"நல்லாருக்கு" என்றான். "இதை மாதிரி ஒண்ணு நான் கேட்டதில்ல."

"பதிஞ்சாச்சா, ஹரி?" என்றாள் சந்தனமாரி.

"ஆச்சு."

"அப்போ வா" என்று அவள் மேசையருகே போனாள். ராணி எரிமாரியின் பொம்மையை, மெழுகில் நின்ற அந்தச் சின்னஞ்சிறு குச்சியை, களத்தின் நடுவில் நட்டாள். "நீ போவக் கூடாது. இரும்புப் படைக்கு ஆள் வேணும். படையை எடுத்து வை."

செல்வகணேஷ் தன் வீரர்களை ஒவ்வொருவராக எடுத்து வைத்தான். பழக்கத்தில் கை மலை இருந்த இடத்துக்குப் போனது. அங்கே உதிர்ந்த கரிசல் மண் கொஞ்சம் கிடந்தது. ஒளிய இடமில்லை.

சந்தனமாரி பகடையை ராதாமணியிடம் நீட்டினாள். "எனக்காக நீங்க உருட்டுங்க, அக்கா."

"எனக்கு ஆறே விழாது, ஏட்டி."

"விழுற வரைக்கும் உருட்டுங்க. நான் எங்கயும் போவலை."