மருந்துக்காரன்

முகத்துக்கு முன்பே ரோஷினி அவன் இதயத்தைப் பார்த்துவிட்டாள்.

எக்கோ ஸ்கேன் திரையில் இதய வால்வு திறந்து மூடியது. விளிம்பில் ஒரு கிருமித் திட்டு, கிழிந்த துணி போல் படபடத்தது... பிய்ந்து மூளைக்குப் போனால் ஆள் காலி.

அப்புறம்தான் கண்கள். காய்ச்சலில் சிவந்தும் சிரிக்கிற கண்கள். முனியராஜ். ஆமத்தூர் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன்.

"உள்ள எதுவும் தெரியுதா டாக்டர்? இல்ல, காலியாக் கெடக்கா?"

அவள் சிரிக்கவில்லை. மாயவரத்திலிருந்து விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்தவள். வால்வில் கிருமி பிடிக்கும் இந்த நோய் வருகிற ஆட்கள் மாறிவிட்டார்கள் என்று காலையில்தான் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். முன்பு, சிறுவயதில் மூட்டுக் காய்ச்சலில் வால்வு கெட்டவர்களுக்கு வரும். இப்போது டயாலிசிஸ் செய்பவர்கள், செயற்கை வால்வு வைத்த முதியவர்கள், போதை ஊசி போடும் இளைஞர்கள்...

இவன் இளைஞன்.

"மருந்துப் பழக்கம் உண்டா?"

"பொழப்பே அதுதான!"

"நீங்களே செலுத்திப்பீங்களா?"

"செலுத்த வேற ஆளு உண்டு. நான் கலக்கிக் கொடுக்கதோட சரி."

ரோஷினி வாசலில் நின்ற அவன் அம்மா சுப்புத்தாயிடம் திரும்பினாள். "உங்க பையன் போதை ஊசி வியாபாரம் பண்றது தெரியுமாம்மா?"

சுப்புத்தாய் சுவரைப் பிடித்துக்கொண்டாள். முனியராஜ் மார்பில் ஒட்டியிருந்த ஒயர்களைப் பிய்த்தெறிந்தான்.

"வெடிக்குள்ள செலுத்துற கெமிக்கலத்தான் இங்கன மருந்துன்னு சொல்லுவோம். எங்காத்தா முன்னாடி இப்பிடிச் சொல்லிட்டீகளே..."

போய்விட்டான்.

மழை. ரோஷினி குடையில்லாமல் ஓடினாள். அவன் ஒரு கால் பஸ் படியில்...

"ஏறாதீங்க! தப்பு என்னுதுதான். ஆனா இப்ப போனா செத்துடுவீங்க!"

"மன்னிப்பா, மெரட்டலா?"

"ரெண்டும்தான்!"

சுப்புத்தாய் பின்னாலிருந்து சட்டையை இழுத்தாள். "எறங்குலே! சின்னதுல முட்டி வீங்கி நடக்க முடியாமக் கெடந்தியே, அதைச் சொன்னியாலே இவுககிட்ட?"

ரோஷினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மூட்டுக் காய்ச்சல்! பழைய வழியில் வந்த நோய். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

முனியராஜ் நனைந்த அவள் இமைகளைப் பார்த்தான்... இறங்கினான்.

வாரக்கணக்கில் ஊசி ஏறியது. டியூட்டி முடிந்த பிறகும் ரோஷினி அவன் கட்டிலருகே பேசிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் விட்டது. வால்வு தப்பவில்லை. மாற்றியாக வேண்டும், மதுரையில். ஆம்புலன்ஸ் ஏற்றும்போது அவன் சிரிப்பதை நிறுத்தியிருந்தான்.

"ஒண்ணு கேக்கணும் டாக்டர்... பொழைச்சு வந்தாக் கேக்கேன்."

"வரலைன்னா?"

"கேக்காததாவே போகட்டும். உங்களுக்கு எதுக்கு வீண் பாரம்..."

"அதை நான் எப்பவோ தூக்கியாச்சு. கேளு."

அந்த ஒருமையில் அவனுக்குச் சிரிப்பு திரும்பி வந்தது.

"என்னையக் கட்டிக்கிடுதீகளா?"

டிரைவர், நர்ஸ், முன்சீட்டில் சுப்புத்தாய்... எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

"கட்டிக்கிறேன்."